பிள்ளையின் வாக்கு

மகாவலி கங்கையின் ஒரு கிளை வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் அது கடலைச் சேர்கிறது. ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். அதைச் சூழ வயலும் காடும் கடற்கரையும். ஆற்றுக்குத் தெற்கே கதிரவெளி, வாகரை என்று மட்டக்களப்பு நாடு தொடங்கிவிடுகிறது. பாலம் வருவதற்கு முன் ‘பாதை’ என்று நம் மக்கள் அழைக்கும் தெப்பத்தில் ஏறியே அக்கரை சேரவேண்டும். உழவர், மீனவர், தமிழ் பேசும் வேட்டுவக் குடியினர் வாழும் பிரதேசம் இது. வடக்கே மூதூரில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர்.

ஆற்றைப் பற்றி எழுத இக்கட்டுரை முற்படவில்லை. ஆனால் இந்த ஆறு நிலத்தை மட்டும் பிரிக்கவில்லை. ஒரு காலத்தில் சட்டங்களையும் பிரித்தது. தாயும் தந்தையும் பிரிந்தாலோ, இருவரில் ஒருவர் இறந்தாலோ பிள்ளை யாரிடம் வளரவேண்டும் என்ற கேள்விக்கு இவ்வட்டாரத்தைச் சூழ்ந்த வழமைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்லி வந்திருக்கின்றன. பிள்ளையையே கேட்டால் என்ன என்ற எண்ணம் அவற்றுள் எதற்கு எப்போது தோன்றியது? இதுவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இது சட்டத்தரணிகளுக்கு மட்டுமே உரிய விஷயமென்று ஆசிரியர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வழக்குக்குரிய பிள்ளை நீதிமன்றத்துக்குப் போகும் நாள் தவிர மற்ற நாட்களிலெல்லாம் அவர்களுடைய வகுப்பிலேதான் உட்கார்ந்திருக்கிறது.

தெற்கிலிருந்து தொடங்குவோம். மட்டக்களப்பு நாட்டில் வழங்கிய முக்குவர் வழமை தாய்வழிப்பட்டது. குடி என்பது தாயின் குடி. முதுசொம் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த உரிமை முறையை அகற்றியது. ஆயினும் சட்டம் போன பின்னும் பழக்கம் போகவில்லை. மணமானதும் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடு மகளுக்குச் சீதனமாவதும் கிழக்கிலங்கையில் இன்றும் காணக்கூடிய வழக்கங்கள். இத்தகைய சமுதாயத்தில் கணவன் பிரிந்து சென்றால் அவன் தன் உடுதுணியோடு போகிறான். பிள்ளைகள் தாயோடும் அம்மம்மாவோடும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கேள்வியே எழுவதில்லை. கேள்வி எழாதபோது பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கும் தேவையும் எழுவதில்லை.

வடக்கே யாழ்ப்பாணத்துத் தேசவழமை. டச்சுக்காரரின் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் அதைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்பினர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். அதில் ஓர் ஏற்பாடு உண்டு. மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய எண்ணினால், சிறு பிள்ளைகளை மாமியாரோ நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்க வேண்டும். அவன் இறந்த மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும், தேடிய தேட்டத்தில் பாதியையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சிற்றன்னையின் கையில் பிள்ளைகள் துன்புறாதிருக்கச் செய்த காப்பு இது என்று கொள்ளலாம். ஆனால் அந்த வாசகத்தைக் கூர்ந்து பார்த்தால் பிள்ளையும் சீதனமும் ஒரே வண்டியில் ஏறிப் போவது தெரியும். சொத்து எங்கே செல்கிறதோ அங்கே பிள்ளையும் செல்கிறது. பிள்ளைக்கு நாவிருப்பதாகத் தேசவழமை எண்ணியதற்கு அங்கே அடையாளம் இல்லை.

மூதூர்ப் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். அச்சட்ட மரபின்படி சிறு பிராயத்தில் பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்குரியது. நன்மை தீமை பகுத்தறியும் பருவத்தை, ஏறக்குறைய ஏழு வயதை, அடைந்ததும், தாயோடு இருப்பதா தந்தையோடு இருப்பதா என்று தெரிவு செய்யும் உரிமை பிள்ளைக்கே வருகிறது. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இது பொது. ஒருமுறை தெரிவு செய்தபின் மனம் மாறினால் மற்றவரிடம் போகவும் இடமுண்டு. ஐரோப்பிய நீதிபதிகள் பிள்ளையைத் தந்தையின் உடைமையாகக் கருதிக்கொண்டிருந்த பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறபு நாட்டுச் சட்ட அறிஞர்கள் இவ்வளவு தூரம் சிந்தித்திருந்தனர். கீழைத்தேயச் சட்டங்களெல்லாம் பிற்போக்கானவை என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம்.

இவை யாவற்றுக்கும் மேலே பொதுச் சட்டமாக அமர்ந்தது உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி திருமணம் நிலைத்திருக்கும் வரையில் தந்தையே இயற்கைப் பாதுகாவலன். தாயும் தந்தையும் வேறு வேறாக வாழ்ந்தாலும் பிள்ளையை வைத்திருக்கும் முதலுரிமை அவனுடையது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று காட்டினாலன்றி அவ்வுரிமையை அசைக்க முடியாது என்ற நிலைப்பாட்டையே 1956இல்கூட நமது உயர் நீதிமன்றம் மேற்கொண்டது. சுதந்திரம் வந்து எட்டாண்டுகள் கழிந்த பின்னரும் வீட்டுக்குள் தந்தையின் அரசாட்சிக்குக் குறைவில்லை.

இங்கிலாந்தின் கதையும் இதற்கு இளைத்ததன்று. 1883இல் தீர்ந்த அகர்-எல்லிஸ் வழக்கு சட்ட மாணவர் யாவரும் அறிந்தது. தந்தை புரட்டஸ்தாந்தர், தாய் கத்தோலிக்கர். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாகத் திருமணத்துக்கு முன் வாக்களித்தவர், முதற் பிள்ளை பிறந்தவுடன் வாக்கை மாற்றினார். பதினாறு வயது மகள் தாயோடு தடையின்றிப் பழகவும் விடுமுறையை அவளோடு கழிக்கவும் அனுமதி கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். தந்தையின் இயற்கை உரிமையில் தலையிட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. பதினாறு வயதுப் பெண்ணின் வேண்டுகோள், வாக்குத் தவறிய ஒரு கனவானின் பிடிவாதத்துக்கு முன் நிற்கவில்லை. இத்தனைக்கும் ஆட்கொணர்வு எழுத்தாணை வழக்குகளில் ஆண்பிள்ளைக்குப் பதினான்கும் பெண்பிள்ளைக்குப் பதினாறும் சுயமாகத் தெரிவு செய்யும் வயது என்று அதே நாட்டு நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

பத்தாண்டுகளில் காற்று மாறியது. 1893இல் கிங்கால் என்ற பெண்மணியின் பராமரிப்பில் இருந்த பதினைந்து வயதுச் சிறுமியை அவளுடைய தாய் திருப்பிக் கேட்டாள். அங்கேயே இருக்கச் சிறுமி விரும்பினாள். பிள்ளையின் நலமே முதன்மையானது, அவளுடைய விருப்பமும் அந்த நலத்தின் ஒரு பகுதி என்று சொல்லித் தாயின் மனுவை நீதிமன்றம் தள்ளியது. பிள்ளையின் வாக்குக்குக் கிடைத்த வெற்றி என்று நூல்கள் இதைப் புகழ்கின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தாய் வேலை தேடி ஊர் ஊராகச் சென்ற உழைப்பாளிப் பெண். மகளை அவ்வப்போது பிறரிடம் விட நேர்ந்ததும் அதனாலேதான். சீமானான தந்தைக்கு எதிரே எடைபோடப்படாத பிள்ளையின் சொல், ஏழைத் தாய்க்கு எதிரே எடைபெற்றது. இரு வழக்குகளையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் நீதித் தராசின் தட்டுகளில் வேறு ஏதோ ஒன்றும் கிடப்பதை உணர்வர்.

இனி நமக்கு மிக அண்மையில் நடந்ததும், உலகெங்கும் பேசப்பட்டதுமான ஒரு வழக்குக்கு வருவோம். இவ்விஷயத்தின் சிக்கல்கள் யாவும் அதில் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஜிட்டு நாராயணய்யா மதனப்பள்ளியைச் சேர்ந்தவர்; தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; பிரம்மஞான சபையின் நெடுநாள் உறுப்பினர். மனைவி 1905இல் இறந்தார். 1909 ஜனவரியில் அவர் தம் பிள்ளைகளோடு சென்னை அடையாற்றுக்கு வந்து சபையின் அலுவலகத்தில் வேலைக்கமர்ந்தார். அவ்வாண்டு அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயர் அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியைக் கண்டார். மெலிந்து, நோயுற்று, பள்ளியில் மந்தமானவன் என்று அடிபட்ட அச்சிறுவனே வரப்போகும் உலக குருவின் திருமேனி என்று அறிவித்தார். சபைத் தலைவி அன்னி பெசன்ட் அதை நம்பினார். 1910 மார்ச் 6ஆம் நாள் நாராயணய்யா, கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா ஆகிய இருவரின் பாதுகாவலையும் பெசன்ட் அம்மையாருக்கு ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். பிள்ளைகள் இங்கிலாந்து சென்றனர். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் வீடுகளில் வளர்ந்தனர்.

தகப்பனின் மனம் விரைவிலேயே மாறியது. லெட்பீட்டர் மீது 1906இலேயே சிறுவர்கள் சம்பந்தமாக ஒழுக்கக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கவேண்டும் என்று நாராயணய்யா கேட்டார். பிள்ளையைத் தெய்வமாக்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1912 அக்டோபரில் செங்கற்பட்டு ஜில்லா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தகப்பனுக்காக வாதாடியவர் இளம் வக்கீல் ஸி. பி. இராமசாமி ஐயர். சில ஆண்டுகளுக்குள் இவரே ஹோம் ரூல் இயக்கத்தில் பெசன்ட் அம்மையாரின் தோழரானார் என்பது வரலாற்றின் வேடிக்கை. அம்மையார் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தாமே எழுந்து நின்று வாதாடினார்.

1913 ஏப்ரல் 15ஆம் நாள் நீதிபதி பேக்வெல் தீர்ப்பளித்தார். தகப்பன் சொன்ன குறிப்பிட்ட குற்றச் செயல் நடந்ததாக அவர் நம்பவில்லை. ஆனால் லெட்பீட்டரின் கருத்துகள் ஒழுக்கக்கேடானவை, பிள்ளைகளோடு பழக அவர் தகுதியற்றவர் என்று கண்டார். பிள்ளைகளை நீதிமன்றத்தின் பாதுகாப்புக்குரியோராகப் பிரகடனம் செய்து, மே மாத இறுதிக்குள் தகப்பனிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்டார். 1895 மே மாதத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்திக்குப் பதினெட்டு வயது நிரம்ப அப்போது ஒரு மாதம்கூட இல்லை. அக்காலத்து இந்தியச் சட்டப்படி பராயம் அடையும் வயது 18. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்துவிட்டால் அது 21 ஆகிவிடும். மேன்முறையீட்டிலும் 1913 அக்டோபரில் தகப்பனே வென்றார்.

வாசகர் இவ்விடத்தில் நிற்கவேண்டும். ஓராண்டு காலம் வழக்கு நடந்தது. தகப்பனின் உரிமை ஆராயப்பட்டது. அம்மையாரின் நோக்கம் ஆராயப்பட்டது. லெட்பீட்டரின் ஒழுக்கமும் பிரம்மஞானக் கோட்பாடும் சந்திக்கு வந்தன. யாரைப் பற்றி வழக்கோ அந்த இரண்டு இளைஞர்கள் வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படவில்லை. அவர்கள் தரப்பை எடுத்துச் சொல்ல எவரும் இருக்கவில்லை. இத்தனைக்கும் 1890ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாவலர் சட்டம் தன் 17ஆம் பிரிவில், அறிவோடு விருப்பம் தெரிவிக்கக்கூடிய வயதை அடைந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. ‘கொள்ளலாம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கொள்ளாமலும் விடலாம்.

அம்மையார் லண்டனுக்குப் போனார். பிரிவி கவுன்சில் 1914 மே 25ஆம் நாள் சென்னைத் தீர்ப்புகளைத் தள்ளியது. செங்கற்பட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வாழாத பிள்ளைகளைப் பற்றி அங்கே வழக்கிட முடியாது என்பது ஒரு காரணம். மற்றது நமக்கு முக்கியமானது. தகப்பன் கொடுத்த பாதுகாவலைத் தகப்பன் திரும்பப் பெறலாம். ஆனால் அது பிள்ளைகளின் நலனுக்குக் கேடாகக் கூடாது. அந்த நலன் தனியாக ஆராயப்படவேயில்லை. பிள்ளைகள் இந்தியா திரும்ப விரும்பவில்லை. அவர்களுடைய இசைவின்றி அவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும்படி ஒருவருக்குக் கட்டளையிடுவது, செய்யமுடியாததைச் செய் என்பதாகும். வேண்டுமானால் தகப்பன் இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடட்டும், அங்கே பிள்ளைகளின் விருப்பமும் நலனும் நேரே அறியப்படும் என்று கூறிவிட்டது. ஓய்வூதியம் பெற்ற ஒரு தாசில்தார் லண்டன் சென்று வழக்காடுவது எப்படி என்பதைப் பற்றி அந்தப் பிரபுக்கள் கவலைப்படவில்லை.

ஆக, பிள்ளைகளின் வாக்கு வென்றதா? அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது. தம்பிக்கு 16 நிரம்பவில்லை. ஐந்தாண்டுகளாக அவர்களை வளர்த்தவர், உடுத்தியவர், அவர்களுடைய நாட்களுக்கு ஒழுங்கு வகுத்தவர் வழக்கின் எதிர்க்கட்சிக்காரரே. நீ உலக குரு என்று நாள்தோறும் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவன், நீ யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? இக்கேள்வியைத் தகப்பனின் சார்பில் நாமும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வரலாறு அத்தோடு நிற்கவில்லை. 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஹாலந்து தேசத்து ஓம்மென் நகரில், தமக்காகவே அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி தாமே கலைத்தார், குருத்துவத்தையும் உதறினார். வளர்த்தவர்கள் எழுதிய எழுத்து பிள்ளையின் மனத்தில் அழியாததாக இருக்கவில்லை. பதினெட்டு வயதில் அவர் தெரிவித்த விருப்பம் முழுவதும் அவருடையதா, பிறருடையதா என்று 1914இல் எந்த நீதிபதியும் துணிந்திருக்க முடியாது. கேட்காமலே முடிவு செய்ததுதான் தவறு. கேட்டதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணினால் அதுவும் தவறாகியிருக்கும்.

இதே சிக்கல் இரத்தத்தில் முடிந்த இடம் சிங்கப்பூர். மரியா ஹெர்டொக் 1937இல் ஜாவாவில் டச்சுப் பெற்றோருக்குப் பிறந்தவள். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், தந்தை சிறைமுகாமில் இருந்தபோது, அமினா என்ற பெண்மணியின் கைக்கு வந்தாள். நத்ரா என்ற பெயரோடு முஸ்லிம் பிள்ளையாக மலாயாவில் வளர்ந்தாள். 1949இல் அவளைக் கண்டுபிடித்த பெற்றோர் திருப்பிக் கேட்டனர். பதின்மூன்று வயதுச் சிறுமி அமினாவை விட்டுப் போகமாட்டேன் என்றாள். வழக்கு நடுவே, 1950 ஆகஸ்டில், அவளுக்கு ஓர் ஆசிரியரோடு திருமணமும் செய்து வைத்தார்கள். அத்திருமணத்தைப் பிள்ளையின் விருப்பமென்று எண்ணிப் பரிவு காட்டுவோர் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மணம் முடிப்பதை எந்த நியாயத்தாலும் நாம் ஏற்க இயலாது. வழக்கில் பிடியை இறுக்கப் பெரியவர்கள் கட்டிய கயிறே அது. 1950 டிசம்பரில் சிறுமி பெற்றோருக்கே என்று தீர்ப்பாயிற்று. அவளைக் கத்தோலிக்கக் கன்னிமடத்தில் வைத்தனர். மாதா சிலையருகே அவள் நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. டிசம்பர் 11ஆம் நாள் கலகம் மூண்டது. 18 பேர் மாண்டனர், 173 பேர் காயமடைந்தனர். மறுநாள் சிறுமி விமானமேறினாள். அமினாவின் வீட்டை அவள் ‘வீடு’ என்று சொன்னது மதம், சாம்ராஜ்யம், இனம் ஆகிய மூன்றின் கூச்சலில் எவர் காதிலும் விழவில்லை. அவள் பொருட்டுத் தெருவில் இறங்கியவர்களும் அவளைக் கேட்டு இறங்கவில்லை.

இதன்பின் சட்டங்கள் திருந்திய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிள்ளையின் நலனே தலையாயது என்று இங்கிலாந்து 1925இல் எழுதிவைத்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீதிமன்றம் கவனிக்கவேண்டியவற்றின் வரிசையில் பிள்ளையின் விருப்பத்தையும் உணர்வையும் முதலில் வைத்தது. இந்தியா 1956இன் இந்துச் சிறார் சட்டத்தில் நலக்கொள்கையை ஏற்றது. 1973இல் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்ல விளையாட்டுப் பொருளுமல்ல என்ற கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் அழுத்தமாக வெளியிட்டது. 1989 நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துத் தெரிவிக்கவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் பிள்ளைக்கு உரிமை அளித்தது. இலங்கை 1991இல் அதை ஏற்றது. நமது நீதிமன்றங்களும் தந்தையின் முதலுரிமையைப் படிப்படியாகத் தளர்த்திப் பிள்ளையின் நலனை முன்வைத்து வருகின்றன.

ஆயினும் நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை அதன் சம்மதமின்றி மகவேற்க முடியாது. அந்நியர் ஒருவர் பிள்ளையாக ஏற்க வந்தால் பதினொரு வயதுச் சிறுவனின் ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல் போதும். பெற்றோர் தமக்குள் வழக்காடும்போதோ, அதே சிறுவனின் சொல் நீதிபதி எடைபோடும் பலவற்றுள் ஒன்று மட்டுமே. இதற்கு நியாயம் இல்லாமலில்லை. இருவரில் ஒருவரைத் தள்ளு என்று பிள்ளையை நிர்ப்பந்திப்பது கொடுமை. அந்தச் சுமையை நீதிபதி தன் தோளில் ஏற்பதே மனிதத்தன்மை என்பர். ஆனால் சுமையைக் குறைப்பது வேறு, வாயை அடைப்பது வேறு.

இப்பொழுது வெருகலைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வளர்ப்புக்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் தனி ஏற்பாடு செய்தது. அக்காலத்தில் கல்முனை நீதிமன்றத்தில், அலையில் தப்பிய ஒரு கைக்குழந்தையைப் பற்றிய வழக்கை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. பேசத் தெரியாத அக்குழந்தைக்காக அதன் இரத்தம் சாட்சி சொல்லிற்று; 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை பெற்றோரைக் காட்டியது. பேசத் தெரிந்த பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்க எந்தப் பத்திரிகையாளரும் வரவில்லை. அடுத்து 2006இல் மாவிலாற்று அணைக்கதவைச் சாட்டி மூண்ட போர். ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினர். 2007இல்தான் திரும்பத் தொடங்கினர். தந்தையை இழந்த வீடுகள், தாயை இழந்த வீடுகள் பல. மூன்றாவது காரணம் வறுமை. கிழக்கு மாகாணத்துத் தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது என்று அரசாங்கம் 2013இல் விதித்தது. பின்னர் அதைத் தளர்த்தியது. தாய்க்கு விதி வகுத்தவர்கள், தந்தையர் போவதைப் பற்றி அத்தகைய விதி எதையும் வகுக்கவில்லை.

இச்சூழ்நிலையில் பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா. பழைய தாய்வழி வழக்கம் வறுமையின் உருவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். ஆறேழு ஆண்டுகள் கழித்துத் தந்தை வேறொரு மனைவியோடு வந்து பிள்ளையைக் கேட்கிறான். அல்லது தாய் திரும்பி வந்து கேட்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்காவிட்டால் விவகாரம் மூதூர் நீதிமன்றத்துக்குப் போகும். ஆட்கொணர்வு மனுவாக இருந்தால் திருகோணமலையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். சட்டத்தின் கண்ணில் அம்மம்மா மூன்றாந்தரப்பினள். பெற்றவருக்கு எதிரே அவளுடைய கோரிக்கை பலவீனமானது. அந்த வழக்கில் அவளுக்கு உள்ள வலிமையான சான்று பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: நான் இங்கேயே இருக்கிறேன் என்று பிள்ளை சொல்லும் சொல்.

அச்சொல்லை எப்படி எடைபோடுவது? வயது, முதிர்ச்சி, சொல்லும் காரணம், சொல்லில் மாறாமை, உடன்பிறந்தோர் எங்கே இருக்கிறார்கள் என்பன பார்க்கப்படுகின்றன. சொல்லிக்கொடுத்த பாடமா என்பதும் பார்க்கப்படுகிறது. நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் அறிக்கை எழுதுகிறார். சில நீதிபதிகள் பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துத் தனியே பேசுகின்றனர். இது நல்ல முறை. ஆனால் காலையில் எவர் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நீதிமன்றப் படியேறியதோ அவருடைய முகம் அந்த அறைக்குள்ளும் அதன் கூடவே வருகிறது. ஒரே நாளில், ஒரே கேள்வியில் உண்மை வெளிப்படும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்பதைவிட, காலையில் யார் எழுப்புவார், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பார், பள்ளிக்கு யாரோடு போவாய் என்று கேட்பது பிள்ளைக்கும் இலகு, நீதிக்கும் உதவி. இக்கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே தெரிந்தவர் வகுப்பாசிரியர். அவருடைய சாட்சியத்தை அழைக்கவேண்டும் என்று சட்டத்தில் கட்டாயமில்லை; தாமாகச் சொல்ல முன்வரும் ஆசிரியரைத் தடுக்கும் சட்டமும் இல்லை.

செல்வம் பற்றிய எச்சரிக்கை ஒன்று. தந்தை வீட்டில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் சைக்கிளும் இருக்கின்றன. அம்மம்மா வீடு கிடுகுக் கூரை. பிள்ளை சைக்கிளைக் கண்டு தந்தையிடம் போகிறேன் என்றால் அது பேராசை என்றும், கிடுகு வீட்டிலேயே இருக்கிறேன் என்றால் அறியாமை என்றும் வாதாடச் சட்டத்தரணிகளால் முடியும். கிங்கால் வழக்கின் ஏழைத் தாயை இங்கே நினைவுகூரலாம். வறுமையை வளர்ப்பின் குறையாகக் கணக்கிடத் தொடங்கினால், வெருகலில் எந்த அம்மம்மாவும் எந்த வழக்கிலும் வெல்ல முடியாது.

நாம் கேட்கக்கூடியவை பெரியவையல்ல. பிள்ளை சொன்னது அது சொன்ன தமிழிலேயே, அது சொன்னபடியே ஏட்டில் பதியப்படவேண்டும்; உத்தியோகத்தரின் சொற்களில் சுருக்கப்பட்டு அன்று. அச்சொல்லுக்கு மாறாகத் தீர்ப்பளிக்கும் நீதிபதி ஏன் மாறுகிறார் என்று எழுதவேண்டும். ஓராண்டு கழிந்ததும் பிள்ளையிடம் மீண்டும் கேட்கவேண்டும். மனம் மாறிய பிள்ளை மற்றவரிடம் போகலாம் என்று ஷாஃபி சட்ட அறிஞர்கள் இடம் வைத்திருந்ததை முன்னரே கண்டோம். நமது குடியியல் நடவடிக்கைமுறையிலோ, பராயமடையாதவர் தம் பெயரில் தாமே மனுச் செய்ய இயலாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய கட்டளையை மாற்றக் கேட்க விரும்பினாலும், அதற்காக நீதிமன்றத்தில் நிற்க வயது வந்த வேறொருவர் முன்வரவேண்டும். வழக்கமாக அவர் வழக்கில் ஏற்கெனவே தோற்றவராகவே இருக்கிறார்.